மக்காவுக்கு எத்தனை மணிக்குப் போய்ச் சேருகிறீர்கள்? உம்ரா செல்லும் கொழும்புக்காரர்களுக்கு

தெமட்டகொடையில் எங்கள் வீட்டு முன்னறையில்தான் என் தையல் இயந்திரம் இருக்கிறது. உம்ராவுக்கு, அதாவது எந்தக் காலத்திலும் மக்கா போய் நிறைவேற்றும் சிறு யாத்திரைக்கு, புறப்படும் பெண்கள் தொழுகை உடுப்புக்கும் அபாயாவுக்கும் அளவு கொடுக்க வருவார்கள். அளவு நாடாவைக் கையில் எடுப்பதற்கு முன் அவர்களிடம் ஒரு கேள்வி கேட்பேன்: "மக்காவுக்கு எத்தனை மணிக்குப் போய்ச் சேருகிறீர்கள்?" கட்டுநாயக்கவிலிருந்து புறப்படும் நேரத்தை எல்லோரும் மனப்பாடமாகச் சொல்வார்கள். மக்காவில் போய் இறங்கும் நேரம் அநேகமாக யாருக்கும் தெரியாது. வயதான உம்மா, வாப்பாவை அழைத்துப் போகிறவர்கள் முதலில் கேட்டு அறிய வேண்டியது அதைத்தான்.

2016இல் நானும் நானாவும் (அண்ணன்) உம்மாவை அழைத்துப் போனோம். அப்போது உம்மாவுக்கு 67 வயது, நீண்ட காலச் சர்க்கரை நோயாளி. வீட்டிலிருந்து காலையில் புறப்பட்டு, வழியில் விமானம் மாறி, ஜித்தாவில் வரிசையில் நின்று, பஸ்ஸில் மக்கா போய்ச் சேரும்போது இரவு ஒன்றரை மணி. "அரை மணி நேரத்தில் எல்லோரும் கீழே வாருங்கள். உம்ராவை முடித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம்" என்றார் குழுத் தலைவர். உம்மா இன்சுலின் போட்டிருந்தார். வயிற்றில் இருந்தது விமானத்தில் கொடுத்த ஒரு பணிஸ் மட்டும். கஃபாவை ஏழு முறை சுற்றும் தவாஃப் எப்படியோ முடிந்தது. ஸஃபா, மர்வா குன்றுகளுக்கு இடையே ஏழு முறை நடக்கும் ஸஃயியில் மூன்றாவது நடை மர்வாவில் முடியும் இடத்தில் உம்மா அப்படியே சரிந்து உட்கார்ந்தார். நெற்றியெல்லாம் வியர்வை, கை மட்டும் ஐஸ் போலக் குளிர்ந்திருந்தது. என் முகத்தைப் பார்த்து "யார் பிள்ளை நீ?" என்று கேட்டார். மொழி தெரியாத ஒரு பெண் தன் பையைத் திறந்து, பேரீச்சம்பழத்தைப் பிய்த்து உம்மாவின் வாயில் வைத்தாள். ஸம்ஸம் தண்ணீரைச் சிறிது சிறிதாகப் பருக்கினாள். கால் மணி நேரத்தில் உம்மாவுக்கு நினைவு திரும்பியது. அதற்குள் எங்கள் குழு கண்ணுக்கு எட்டாத தூரம் போய்விட்டது. மீதி நான்கு நடைகளையும் உட்கார்ந்து உட்கார்ந்து முடித்தபோது விடியற்காலைச் சுபஹுக்குப் பாங்கு சொன்னார்கள்.

நாடு திரும்பிய பிறகு ஒரு நாள் உம்மாவிடம் கேட்டேன்: "கஃபாவை முதலில் கண்டது ஞாபகம் இருக்கிறதா உம்மா?" கொஞ்ச நேரம் யோசித்தார். "சனம்தான் ஞாபகம் இருக்கிறது மகள்" என்றார். வாழ்நாள் முழுவதும் துஆக் கேட்டுப் போன இடம் அது. அந்தப் பதில் இன்றும் என் நெஞ்சில் முள்ளாகக் கிடக்கிறது. இதை எழுத உட்கார்ந்ததும் அதனால்தான்.

இஹ்ராமோடு தூங்கலாம்

இஹ்ராம் கட்ட வேண்டிய எல்லையான மீகாத்தில் நிய்யத் (உம்ராவுக்கான எண்ணம்) வைத்துவிட்டால் மூச்சு வாங்காமல் ஓடி உம்ராவை முடிக்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி ஒரு கட்டாயமும் இல்லை. நிய்யத்திலிருந்து உம்ரா முடியும்வரை நீடிக்கும் நிலைதான் இஹ்ராம். அதில் சாப்பிடலாம், குளிக்கலாம், தூங்கலாம். ஆறு மணி நேரம் உறங்கி எழுந்து, வுழூ (தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவுதல்) செய்து, வயிற்றுக்கு ஏதாவது போட்டுக்கொண்டு, கஃபா இருக்கும் பெரிய பள்ளிவாசலான ஹறத்துக்குப் போனால் உம்ரா குறைந்துபோகாது. இஹ்ராமின் தடைகள் மட்டும் தொடரும். நறுமணம் கூடாது, முடி, நகம் வெட்டக் கூடாது, கணவன் மனைவி உறவு கூடாது. ஹோட்டல் அறையின் குளிருக்கு ஆண்கள் போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொள்ளக் கூடாது, பெண்கள் முகத்தில் போர்த்தக் கூடாது. குளியலறையில் வைத்திருக்கும் சோப்பு மணக்கும். ஆகவே மணமில்லாத சோப்பு ஒன்றை வீட்டிலிருந்தே கொண்டு போங்கள்.

தவாஃபுக்கும் ஸஃயிக்கும் இடையிலும் உட்காரலாம். ஷாஃபிஈ மத்ஹபில் (மார்க்கச் சட்டப் பிரிவு) இரண்டையும் அடுத்தடுத்துச் செய்வது சுன்னத்துதான், கட்டாயமல்ல. ஸஃயிக்கு வுழூ இருப்பதும் அப்படியே. உங்கள் மௌலவியிடம் இதைக் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். பிறகு குழுத் தலைவர் அவசரப்படுத்தினால், "நீங்கள் போங்கள், நாங்கள் காலையில் வருகிறோம்" என்று அமைதியாகச் சொல்லுங்கள். கொழும்பில் பணம் கட்டும்போதே சொல்லிவைத்தால் இன்னும் நல்லது. 2023 ஜனவரியில் உம்மாவை மறுபடி அழைத்துப் போனபோது அதைத்தான் செய்தோம். இரவு போய்ச் சேர்ந்து, தூங்கி, சுபஹ் தொழுது, ரொட்டியும் முட்டையும் சாப்பிட்டு, ஏழு மணிக்கு உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனேன். கஃபாவின் கறுப்புத் திரை கண்ணில் பட்டதும் உம்மா நின்றுவிட்டார். நாங்கள் யாரும் அவரை இழுக்கவில்லை. அவராக நகரும்வரை பக்கத்தில் நின்றோம்.

பணம் கட்டுவதற்கு முன்

முகவர் பதிவு பெற்றவரா என்பதை டி. பி. ஜாயா மாவத்தையில் உள்ள முஸ்லிம் சமய பண்பாட்டலுவல்கள் திணைக்களத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள். தெரிந்தவர், உறவினர், பள்ளிவாசலில் பார்த்த முகம் என்பதற்காக ரசீது இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள்.

"ஹறத்துக்குப் பக்கத்தில் ஹோட்டல்" என்ற பேச்சை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் ஹோட்டலின் பெயரைக் கேட்டு வாங்கி, தொலைபேசி வரைபடத்தில் தேடிப் பாருங்கள். முகவர்கள் சொல்லும் தூரம் பெரும்பாலும் வெளிமுற்றத்தின் ஓரம் வரைக்கும்தான். அங்கிருந்து கஃபாவைச் சுற்றும் இடமான மதாஃபுக்கு இன்னும் நடக்க வேண்டும். அஜ்யாத் பக்கம் என்றால் மேடு. போகும்போது இறக்கம், தொழுதுவிட்டுத் திரும்பும்போது ஏற்றம். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு அந்த ஏற்றம் ஐந்து வேளையும் சோதனை. மிஸ்ஃபலாவில் இப்ராஹீம் அல் கலீல் வீதி ஓரளவு சமதரை. அஸீஸிய்யா என்றால் சில கிலோமீற்றர் தூரம், ஒவ்வொரு தடவையும் பஸ்ஸை நம்பித்தான் போக வேண்டும். இளவயதினருக்கு அதில் பணம் மிச்சம். முதியவர்களோடு போகிறவர்களுக்கு என் ஆலோசனை: நாட்களைக் குறைத்தாவது பக்கத்து ஹோட்டலை எடுங்கள். பதினான்கு நாள் தூரத்தில் தங்கி ஒரு நாளைக்கு ஒரு வேளை மட்டும் ஹறத்துக்குப் போவதைவிட, பத்து நாள் அருகில் தங்கி எல்லாத் தொழுகைக்கும் போவது மேல்.

ஓர் அறையில் எத்தனை பேர், சாப்பாடு உண்டா, வழிகாட்டி அதே ஹோட்டலில் தங்குகிறாரா, மதீனாவுக்குப் பஸ்ஸா ரயிலா என்பவற்றையும் எழுத்தில் வாங்குங்கள்.

கடவுச்சீட்டு, ஊசி, மருந்து

கடவுச்சீட்டு பயணத் திகதியிலிருந்து ஆறு மாதத்துக்கு மேல் செல்லுபடியாக வேண்டும். இல்லையென்றால் பத்தரமுல்லையில் உள்ள குடிவரவு, குடியகல்வுத் திணைக்களத்துக்கு நேரத்தோடு போங்கள். மூளைக்காய்ச்சல் (மெனிஞ்சைட்டிஸ்) தடுப்பூசியைக் குறைந்தது 10 நாட்களுக்கு முன் போட்டிருக்க வேண்டும். பொரளையில் உள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தில் விசாரியுங்கள். ஊசி அட்டையைக் கடவுச்சீட்டோடு சேர்த்தே வைத்திருங்கள்.

இன்சுலினையும் அன்றாட மாத்திரைகளையும் கைப்பையில் கொண்டு போங்கள். பெரிய சூட்கேஸ் ஒரு நாள் பிந்தி வந்தாலும் உயிருக்கு ஆபத்து வராது. மருத்துவரின் மருந்துச்சீட்டை ஆங்கிலத்தில் எழுதி வாங்குங்கள். ட்ரமடோல், கோடீன் கலந்த வலி மாத்திரைகளுக்குச் சவூதியில் கடும் கட்டுப்பாடு உண்டு. பக்கத்து வீட்டுக்காரர் தந்த மாத்திரையை என்னவென்று தெரியாமல் பையில் போடாதீர்கள். சவூதி நேரம் நம் நேரத்தைவிட இரண்டரை மணி பிந்தியது. இன்சுலினும் இரத்த அழுத்த மாத்திரையும் அங்கே எத்தனை மணிக்கு என்று கிளினிக்கில் கேட்டு ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். எங்கள் பையில் ஜீவனி பக்கெட், பனடோல், பிளாஸ்டர், சமஹன் ஆகியவை எப்போதும் இருக்கும். சித்தாலேபவும் இருக்கும், ஆனால் அதன் மணத்தை எண்ணி, இஹ்ராம் களைந்த பிறகுதான் உம்மாவின் முழங்காலுக்குப் பூசினேன். சர்க்கரை நோயாளியோடு போகிறவர்கள் நான்கு பேரீச்சம்பழமாவது இல்லாமல் அறையை விட்டு வெளியே இறங்காதீர்கள்.

காலி முகத்திடலில் ஸஃயி

2016இல் விட்ட பிழையை இரண்டாவது பயணத்துக்கு மூன்று மாதம் இருக்கும்போது திருத்தத் தொடங்கினோம். ஸஃபாவிலிருந்து மர்வாவுக்குச் சுமார் 450 மீற்றர். ஏழு நடைக்கு மூன்று கிலோமீற்றரைத் தாண்டும். கொழும்பில் அதற்கு ஒப்பான தூரம் எது என்று யோசித்தால் காலி முகத்திடல்தான் நினைவுக்கு வந்தது. கடலோர நடைபாதை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஏறக்குறைய அரைக் கிலோமீற்றர். கிட்டத்தட்ட ஸஃயியின் ஒரு நடை.

முதல் நாள் உம்மா ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போய் வந்ததோடு முச்சக்கர வண்டி பிடிக்கச் சொன்னார். இரண்டு வாரத்தில் மூன்று நடை. மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு போவோம். இஸ்ஸோ வடை விற்கும் வண்டிகளைத் தாண்டி, கொடிக்கம்பத்தைத் தாண்டி நடப்போம். இரண்டரை மாதத்தில் ஏழும் நடந்தார், நடுவே இரண்டு தடவை உட்கார்ந்து. எங்கே உட்கார வேண்டும், எந்த நடையில் மூச்சு வாங்கும், முழங்கால் எப்போது கடுக்கத் தொடங்கும் என்பதெல்லாம் அங்கேயே தெரிந்துவிட்டது. ஆறாவது நடை அவருக்குக் கடினம் என்று மக்காவில் எனக்கு முன்கூட்டியே தெரியும். அதனால் ஐந்து முடிந்ததும் நானே உட்கார வைத்தேன்.

காலுக்கும் பழக்கம் வேண்டும். நாம் சப்பாத்தோடு நடந்து பழகிவிட்டு அங்கே வெறுங்காலோடு கல் தரையில் மணிக்கணக்காக நடக்கிறோம். குதிகால் வலி அதனால்தான். ஒரு மாதம் வீட்டுக்குள் வெறுங்காலோடு நடமாடுங்கள். மதாஃபில் பதித்திருக்கும் வெள்ளைச் சலவைக்கல் கிரேக்க நாட்டிலிருந்து வந்தது. நல்ல வெயிலிலும் சுடாது. வெளியே வீதி அப்படியல்ல. செருப்பைத் தொலைத்துவிட்டு நண்பகலில் ஹோட்டலுக்கு நடந்தால் பாதம் கொப்பளித்துவிடும். பாத உணர்வு குறைந்த சர்க்கரை நோயாளிகளுக்குச் சுடுவதே தெரியாது. பெண்கள் தடித்த காலுறை அணியலாம். ஆண்கள் இஹ்ராமில் காலுறை அணிய முடியாது என்பதால், மெல்லிய திறந்த செருப்பு பற்றி மருத்துவரிடமும் மௌலவியிடமும் பேசிவையுங்கள்.

நடக்கவே முடியாதவர்களுக்கு ஹறத்தில் சக்கர நாற்காலி உண்டு. தள்ளிச் செல்லச் சீருடை அணிந்த பணியாளர்களையே பிடியுங்கள், கட்டணத்தை முதலில் கேளுங்கள். உம்மாவைச் சக்கர நாற்காலியில் உட்கார வைப்பதை அவமானமாக நினைக்கும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். இதில் அவமானம் எங்கிருந்து வருகிறது? அமர்ந்தபடி அவர் முழு மனதோடு துஆக் கேட்பார்.

உடுப்பு: தையற்காரியாக என் பங்கு

முதலில் செருப்புப் பை. மெல்லிய துணியில், சுருக்குக் கயிறு வைத்து, தோளில் மாட்டும் அளவுக்குத் தைத்துக்கொள்ளுங்கள். வாசலில் செருப்பை விட்டுவிட்டுப் போனால் அதே வாசலுக்குத் திரும்பி வருவீர்கள் என்பது நிச்சயமில்லை. பெரிய பைகளை வாசலில் தடுப்பார்கள். இந்தச் சிறு பையில் செருப்பு, தண்ணீர்ப் போத்தல், பேரீச்சம்பழம், சிறிய முஸல்லா (தொழுகை விரிப்பு) எல்லாம் அடங்கும்.

அபாயாவின் உட்புறம் இடது பக்கத்தில் ஸிப் வைத்த பொக்கெட் ஒன்று. பணம், ஹோட்டல் அட்டை அங்கே. கை நீளத்தை வழமையைவிட ஓர் அங்குலம் கூட்டி, மணிக்கட்டில் இலாஸ்டிக் வைப்பேன். கூட்டத்தில் கையைத் தூக்கித் துஆக் கேட்கும்போது முழங்கை வரை விலகாது. பாவாடை விளிம்பு கணுக்காலுக்குக் கீழே ஓர் அங்குலத்தில் நிற்கட்டும். தரையில் இழுபடும் விளிம்பைப் பின்னால் வருபவர் மிதித்தால் முகம் அடிபட விழ வேண்டியதுதான்.

பிறகு மஞ்சள் துண்டு. உம்மாவின் தொழுகை உடுப்பின் முதுகில், தோள்பட்டைகளுக்கு நடுவே, உள்ளங்கை அகலத்தில் கடும் மஞ்சள் துணி வைத்துத் தைத்தேன். என்னுடையதிலும் அதே நிறம். பல்லாயிரம் பெண்கள் கறுப்பிலும் வெள்ளையிலும் நகரும்போது இருபது அடிக்கு அப்பாலும் உம்மாவைக் கண்டுபிடிக்க அது உதவியது. இப்போது கேட்கிறவர்களுக்கெல்லாம் தைத்துக் கொடுக்கிறேன், குடும்பத்துக்கு ஒரு நிறம். கூடவே ஏழு மணி கோத்த நூலும். ஒரு சுற்றுக்கு ஒரு மணியைத் தள்ளினால் எண்ணிக்கை தவறாது.

ஆண்களுக்கு: துவாய்த் துணி இஹ்ராம் குளிர்காலத்துக்குச் சரி, வெயில் காலத்தில் வியர்வையில் ஊறிப் பாரமாகும். பருத்தித் துணி வாங்குங்கள், மாற்றுக்கு ஒரு சோடி வேண்டும். தைத்த உள்ளாடை கிடையாது என்பதால் தொடைகள் உராய்ந்து புண்ணாவது ஆண்களின் பெரிய துன்பம். வெட்கத்தில் யாரும் சொல்வதில்லை. நானா முதல் பயணத்தில் இரண்டு நாள் நடக்க முடியாமல் படுத்தார். மணமில்லாத வஸ்லினைத் தவாஃபுக்கு முன்பே தடவிக்கொள்ளுங்கள். இஹ்ராமைக் கட்டி, இடுப்புப் பட்டி போட்டு, வீட்டுப் படிகளில் ஏறி இறங்கி, தரையில் உட்கார்ந்து எழுந்து பார்த்துவிட்டுப் புறப்படுங்கள்.

விமானத்தில்

இஹ்ராம் துணியைச் சூட்கேஸில் வைத்து அனுப்பிவிட்டு விமானத்தில் தவிப்பவர்கள் ஒவ்வொரு பயணத்திலும் உண்டு. நேரே மக்காவுக்குப் போகிறவர்கள் வீட்டில் குளித்து, வீட்டிலேயே கட்டிக்கொண்டு புறப்படுவதுதான் இலேசு. ஜித்தாவில் இறங்கும்போது மீகாத்தைக் கடந்திருப்பீர்கள். ஆகவே நிய்யத் விமானத்துக்குள்ளேயே வைக்க வேண்டும். விமானம் போகும் வழியைப் பொறுத்துக் கர்னுல் மனாஸில் அல்லது யலம்லம் என்ற மீகாத் பக்கமாகக் கடக்கும். பெரும்பாலும் அறிவிப்பார்கள், ஆனால் தூக்கத்தில் தவறவிடக்கூடும். பக்கத்து இருக்கையில் இருப்பவரிடம் எழுப்பச் சொல்லுங்கள், அல்லது சற்று முன்னரே வைத்துவிடுங்கள். நிய்யத்துக்குப் பிறகு விமானத்தில் தரும் மணமுள்ள ஈரத் துவாயை வாங்காதீர்கள்.

நோயாளிகள் நிய்யத்தோடு ஒரு நிபந்தனையும் சேர்க்கலாம்: "ஏதேனும் தடை என்னைத் தடுத்தால், தடுக்கப்பட்ட இடத்திலேயே நான் இஹ்ராமிலிருந்து விடுபடுவேன்." ளுபாஆ பின்த் ஸுபைர் என்ற ஸஹாபியப் பெண் தன் நோயைச் சொன்னபோது நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் கற்றுக்கொடுத்தது இது. உம்மா இரண்டாவது தடவை அப்படித்தான் நிய்யத் வைத்தார்.

மதீனாவுக்கு முதலில் போகும் பயணம் கிடைத்தால் அதையே எடுங்கள். சாதாரண உடுப்பில் விமானம் ஏறி, மதீனாவில் சில நாள் களைப்பாறி, மதீனாப் பக்கத்து மீகாத்தான துல்ஹுலைஃபாவில் இஹ்ராம் கட்டி மக்கா போகலாம். முதியவர்களுக்கு இதைவிடச் சுகமான ஒழுங்கு இல்லை.

ஹறத்துக்குள்

கஃபாவின் ஹஜருல் அஸ்வத் (கறுப்புக் கல்) மூலையில்தான் ஒவ்வொரு சுற்றும் தொடங்கும், முடியும். அதற்கு நேரே மண்டபச் சுவரில் பச்சை விளக்கு இருக்கிறது. கஃபா உங்கள் இடது பக்கம் இருக்க வேண்டும். அரைவட்டச் சுவருக்குள் இருக்கும் ஹிஜ்ர் இஸ்மாயீல் கஃபாவின் பகுதி; அதற்குள் புகுந்து போனால் அந்தச் சுற்று சேராது. கஃபாவின் திரையிலும் கல்லிலும் அத்தர் பூசியிருப்பார்கள் என்பதால் இஹ்ராமில் இருக்கும்போது தொடாதீர்கள். களைந்த பிறகும், கல்லை முத்தமிட முண்டியடிக்காதீர்கள். தூரத்திலிருந்து கையால் சைகை செய்தால் போதும். முத்தமிடுவது சுன்னத்து, அதற்காக ஒருவரின் விலா எலும்பை இடிப்பது பாவம்.

மேல்தளங்களில் நெரிசல் குறைவு, ஆனால் ஒரு சுற்று பல மடங்கு நீளம். முழங்கால் வலிக்காரர்கள் கீழ்த்தளத்தில், கூட்டத்தின் வெளி ஓரமாக நடப்பதே நல்லது. ஷாஃபிஈ மத்ஹபில் அந்நிய ஆண் பெண் தோல் பட்டால் வுழூ முறியும். நெரிசலில் இதைத் தவிர்க்க முடியாது. என்ன செய்வது என்று கொழும்பிலேயே மௌலவியிடம் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள், தவாஃபின் நடுவில் நின்று கலங்காதீர்கள். இஹ்ராமில் பெண்கள் முகக்கவசம் அணிவது பற்றியும் சேர்த்தே கேளுங்கள்.

ஸஃயியில் ஸஃபாவிலிருந்து மர்வா ஒன்று, திரும்பி வருவது இரண்டு. ஏழாவது மர்வாவில் முடிய வேண்டும். ஸஃபாவில் முடிந்தால் எண்ணிக்கை பிழைத்திருக்கிறது. ஸம்ஸம் கொள்கலன்களில் குளிரூட்டாதது என்று எழுதியவையும் உண்டு. அதையே குடியுங்கள். வியர்த்த உடம்போடு குளிர்ந்த நீரைக் குடித்துத் தொண்டை கட்டி, ஒரு வாரம் இருமுகிறவர்கள் ஏராளம்.

பெண்களுக்கு ஒரு விடயத்தை வெளிப்படையாகவே சொல்கிறேன். மாதவிடாயோடு மீகாத்தைக் கடந்தாலும் குளித்து நிய்யத் வைக்க வேண்டும். தவாஃபை மட்டும் சுத்தமாகும்வரை பிற்போட வேண்டும். ஹஜ் பயணத்தில் அழுதுகொண்டிருந்த ஆயிஷா நாயகிக்கு நபியவர்கள் சொன்னதும் அதுதான்: தவாஃபைத் தவிர மற்ற எல்லாவற்றையும் செய். தவாஃப் முடிந்த பிறகு தொடங்கினால் ஸஃயியைச் செய்து முடிக்கலாம். மாத்திரை எடுப்பதென்றால் ஒரு மாதம் முந்தியே மருத்துவரைப் பாருங்கள். கடைசி வாரத்தில் தோழி சொன்ன மாத்திரையைப் போட்டு, நாள் முழுக்க இரத்தக்கசிவோடு அறையில் அழுத ஒரு பிள்ளையை நான் அறிவேன்.

இன்னொன்று: இறந்தவருக்காகத் தொழும் ஜனாஸாத் தொழுகை. மக்கா, மதீனா இரண்டு ஹறங்களிலும் ஏறக்குறைய ஒவ்வொரு பர்ளுத் தொழுகைக்குப் பிறகும் ஜனாஸா அறிவிப்பு வரும். நம் பெண்களில் பலர் அதைத் தொழுதே பழகியதில்லை. நான்கு தக்பீர், ருகூஉம் ஸுஜூதும் இல்லை, ஒவ்வொரு தக்பீருக்குப் பிறகும் என்ன ஓதுவது என்பதைப் புறப்படுமுன் பாடமாக்குங்கள். ஒரு நாள் ஐந்து வேளையும் யாரோ ஒரு முகம் தெரியாதவருக்காக நின்று தொழுதோம். இரவில் உம்மா சொன்னார்: "வாப்பாவுக்கு நான் தொழவில்லையே மகள், அப்போது எனக்குத் தெரியாதே." அதற்குப் பிறகு ஒரு ஜனாஸாவையும் அவர் விடவில்லை.

தொலைந்து போகாமல்

"மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் சந்திப்போம்" என்று பேசிக்கொள்ளாதீர்கள். கோபுரம் எங்கிருந்து பார்த்தாலும் தெரியும், அதன் அடி பெரும் கட்டடத் தொகுதி. வாசல் இலக்கத்தைச் சொல்லுங்கள். மன்னர் பஹத் வாசல் 79. எங்கள் குடும்பத்துக்கு அதுதான். "79க்கு வெளியே, தொழுகை முடிந்து முக்கால் மணி நேரத்தில். முதலில் வந்தவர் மற்றவர் வரும்வரை அங்கிருந்து அசையக் கூடாது" என்று உம்மாவுக்குக் கொழும்பிலேயே சொல்லிப் பழக்கினேன். தொழுகை முடிந்தவுடன் காவலர்கள் வழிகளை மாற்றிவிடுவார்கள்; "தரீக், ஹாஜ்ஜா, தரீக்" என்று கூட்டத்தை ஒரு பக்கமாகத் திருப்புவார்கள். வந்த வழியே திரும்பலாம் என்று எண்ண வேண்டாம். ஹோட்டல் பெயரை அரபியில் அச்சிட்ட அட்டையை முதியவரின் பொக்கெட்டில் வைத்துத் தையுங்கள். தொலைபேசி சார்ஜ் இறங்கும், அட்டை இறங்காது.

சவூதி சிம் வாங்கக் கடவுச்சீட்டும் கைரேகையும் வேண்டும். விமான நிலையத்திலேயே வாங்கிவிடுங்கள்.

மதீனா

நபியின் பள்ளிவாசலுக்குள் இருக்கும் ரவ்ழா என்ற இடத்துக்குப் போக, நுஸுக் என்ற சவூதி அரசின் தொலைபேசிச் செயலியில் நேரம் பதிய வேண்டும். ஆண்களுக்கும் பெண்களுக்கும் வெவ்வேறு நேரம். குழுவினர் பார்த்துக்கொள்வார்கள் என்று இருந்துவிடாமல், விசா கையில் கிடைத்ததும் ஒவ்வொருவருக்கும் கணக்குத் திறந்து முயலுங்கள். ஒரு பயணத்தில் ஒரு தடவைக்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். அந்தச் சில நிமிடங்களில் என்ன துஆக் கேட்பது என்பதை ஒரு சிறு கொப்பியில் எழுதி வைத்திருங்கள். அங்கே நின்றால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். மக்காவுக்கும் மதீனாவுக்கும் இடையே 2018இலிருந்து ஓடும் அதிவேக ரயிலில் இரண்டரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். பஸ்ஸில் ஐந்தாறு மணி. முதுகுவலி உள்ளவர்களுக்கு ரயில் கட்டணம் வீண் செலவல்ல. டிசம்பர், ஜனவரியில் மதீனாவின் விடியற்காலை நன்றாகக் குளிரும். நுவரெலியாவுக்குப் போகும்போது எடுக்கும் ஸ்வெட்டரை எடுத்துக்கொள்ளுங்கள்.

திரும்பும்போது

மக்காவிலிருந்து நேரே விமான நிலையம் போகிறவர்கள், விடைபெறும்போது செய்யும் பயணத் தவாஃபுக்கு மூன்று மணி நேரமாவது ஒதுக்குங்கள், முந்திய இரவே பெட்டியைக் கட்டிவிடுங்கள். ஸம்ஸம் நீரைப் போத்தலில் நிரப்பிச் சூட்கேஸில் வைத்தால் விமான நிலையத்தில் எடுத்துவிடுவார்கள். அங்கேயே விற்கும், முத்திரையிட்ட ஐந்து லீற்றர் பெட்டியைத்தான் வாங்க வேண்டும். உங்கள் விமான டிக்கெட்டில் அதற்கு இடம் உண்டா என்று முன்பே கேளுங்கள். வந்த அன்றே ஊரை அழைத்து விருந்து வைக்காதீர்கள்; முதியவர்களுக்கு இரண்டு நாள் தூக்கம் தேவை.

கட்டுநாயக்கவில் ஸம்ஸம் பெட்டிகள் எல்லாம் ஒரே மாதிரியாக வரிசையில் வரும். யாருடையது யாருக்கு என்று தெரியாமல் எல்லோரும் குனிந்து பெயர் தேடுவார்கள். ஜித்தாவில் ஒப்படைக்கும்போதே கைப்பிடியில் ஒரு மஞ்சள் துண்டை முடிந்துவிடுங்கள்.